முகத்தைக் காட்டவும்

வரப்பின்மேல் உப்புக்கூடை சுமந்து வரிசையாக வந்த பெண்களுக்கு நடுவே, ஓர் ஆள் அளவுக்கு ஓர் இடம் காலியாகவே நடந்து வந்தது.

டீ டம்ளரோடு ஆபீஸ் சன்னலில் நின்றிருந்த மேரிசெல்வி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரக்காணத்து உப்பளத்தில் வெயில் ஏறிவிட்டால் கண்ணை நம்ப முடியாது. பாத்திகளின் வெள்ளைக்கு மேல் காற்றே நெளியும், தூரத்தில் வருகிறவர்களுக்குக் கால் இருக்காது, சில நேரம் ஓர் ஆளே இரண்டாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு வெயில் இல்லை. சீசன் முடிகிற நேரத்து வானம் கழுவாத ஈயப் பாத்திரம் மாதிரி தாழ்ந்து கிடந்தது. சேற்று நாற்றமும் பாத்தியில் கடைசியாய்த் தங்கும் கைப்புத் தண்ணீரின் கார வாடையும் காற்றில்லாமல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றன. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. முன்னால் ராசம்மாள், பின்னால் மேரிசெல்வியின் அம்மா அந்தோணியம்மாள், இருவருக்கும் நடுவே அந்த இடம். ராசம்மாள் குவியலருகே போய்க் கூடையைக் கவிழ்த்துவிட்டு விலகினாள். அம்மா உடனே முன்னால் வரவில்லை. நின்றாள். ஓர் ஆள் கூடையைக் கவிழ்த்து, உதறி, இடுப்பில் வைத்துக்கொண்டு விலக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் தலையில் பாரத்தோடு நின்றாள். பிறகுதான் வந்தாள்.

அது பாஞ்சாலையின் இடம். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை, அம்மாவுக்கு முன்னால் நடக்கிறவள், நடந்துகொண்டே பின்னால் திரும்பாமல் அம்மாவோடு ஊர்க்கதை பேசுகிறவள்.

டீ குடிக்க வந்தபோது மேரிசெல்வி கேட்டாள்.

"யம்மா, பாஞ்சாலக்கா இன்னைக்கி வர்லியா?"

"யாரு?"

"பாஞ்சாலக்கா. பக்கத்து வூடு."

"பக்கத்து வூட்ல யார்டி இருக்குது? சர்ச்சு செவுருதான் இருக்குது." அம்மா டீயை ஊதினாள். "ராத்திரி தூங்கலியா நீ?"

"அப்ப உனக்கும் ராசம்மாக்காவுக்கும் நடுவுல யாருக்கு எடம் வுட்டு நடக்கற?"

அம்மாவின் முகத்தில் ஏதோ வந்து போயிற்று. நாக்கு நுனிவரை வந்த பேர் வழுக்கிப் போனவளைப் போல. "நான் எங்க எடம் வுட்டேன்? கண்ணாடிய தொடச்சி மாட்டு."

மேஸ்திரி அப்பாதுரை வரப்பிலிருந்தே குரல் கொடுத்தார். "யேம்மா கம்ப்யூட்டர், ஆள் கொறையுதுன்னு கவலயா இருந்தா சொல்லு. உன் தலைலயே ஒரு கூடய ஏத்திடறேன்." பெண்கள் சிரித்தார்கள். ராசம்மாளும் சிரித்தாள். பாஞ்சாலையின் சொந்த அத்தை மகள் அவள்.

ஆபீஸ் வராந்தாவில் பெண்கள் சாப்பாட்டுப் பையை மாட்டிவைக்கும் கொக்கிகள் இருந்தன. ஒன்றில் நேற்றைய மஞ்சள் பை இன்னும் தொங்கியது. எறும்பு ஏறியிருந்தது. உள்ளே நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணியைச் சுருட்டிய சும்மாடு, மூடியில் ஆணியால் பூக் கீறிய டிபன். திறந்தால் புளித்த சோற்று வாடை. உப்பின் வாடை. ஒரு ஆளின் தலை வியர்வையின் வாடை.

யாருடைய பை என்று யாரும் கேட்கவில்லை. அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நேற்று சாயங்காலம் நடந்தது மேரிசெல்விக்கு நன்றாக நினைவிருந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடல் தண்ணீர் வரும் மடையை அடைக்கப் பாஞ்சாலை மட்டும் திரும்பிப் போனாள். ஆபீஸ் கம்ப்யூட்டரின் வருகை ஸ்கிரீனில் "உள்ளே" என்பதன் கீழ் அவள் ஒருத்தி பேர்தான் இருந்தது. கரண்ட் போனது. பழைய யுபிஎஸ் கொஞ்ச நேரம் கீச்சிட்டுவிட்டுச் செத்தது. அந்தப் பேரைப் பார்த்துக்கொண்டிருந்த கண் முன்னாலேயே ஸ்கிரீன் அணைந்தது. இருட்டிவிட்டதென்று அவளும் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கரண்ட் வந்ததும் மெஷின் தானாக எழுந்திருக்கும்.

அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அணைந்த மெஷின் எழும்போது உள்ளே என்ன நடக்கும் என்பதைத்தான் அவள் படித்திருந்தாள். குடும்பத்தில் முதல் ஆளாக, பஸ் கம்பியில் தொங்கிக்கொண்டு போய், பெரிய இடத்துப் பிள்ளைகளின் இளிப்பை வாங்கிக்கொண்டு படித்தது. யோசிக்காமல் எப்படி இருப்பது.

அந்த மெஷினில் ஓடுவது லினக்ஸ், யூனிக்ஸ் வம்சம். அதில் சி டிரைவ், டி டிரைவ் என்று தனித்தனித் தோப்பு கிடையாது. ஒரே மரம். எல்லாம் ஒரு சாய்கோட்டிலிருந்து கிளைக்கும். அதற்கு வேர் என்று அர்த்தம் வருகிற மாதிரி ரூட் என்று பேர். அதற்கு மேலே எதுவும் இல்லை. கீழே ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் பிரித்துக் கொடுத்திருக்கும். கட்டளைகளுக்கு 'பின்' என்கிற ஃபோல்டர். சட்டதிட்டம் எழுதிவைக்க எட்சி. நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகிற பதிவுகளுக்கு வார். உயிரோடு ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் எண் போட்டுக் காட்டுகிற ப்ராக்; அது டிஸ்கில் எங்குமே இல்லை, ஓடுவது நின்றதும் அந்த எண் போய்விடும், இருந்த சுவடு இருக்காது. கம்பெனியில் கணக்குள்ள ஆட்களுக்கு ஹோம். ஆளுக்கொரு வீடு, வீட்டுக்கொரு பூட்டு. மேனேஜருக்கு ஒன்று, மேஸ்திரிக்கு ஒன்று, மேரிசெல்விக்கு ஒன்று.

வீடு இல்லாதவர்களுக்கு டெம்ப்.

டெம்ப் பஸ் ஸ்டாண்டு மாதிரி. யார் வேண்டுமானாலும் எதையும் கொண்டுவந்து வைக்கலாம். வைத்தவரைத் தவிர வேறு யாரும் எடுக்க முடியாது. மெஷின் அணைந்து மறுபடி எழும்போது ஒரே பெருக்காகப் பெருக்கித் தள்ளிவிடும். யாருடையது என்று கேட்காது.

வராந்தாச் சுவரில் முகம் பார்த்து வருகை பதிகிற மெஷினை மாட்ட வந்தவன் வெற்றிச்செல்வன், திண்டிவனத்துக்காரன். உப்பளத்துப் பெண்களின் பதிவை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது அவன் இரண்டு பேச்சுப் பேசவில்லை.

"டெம்ப்ல போட்டுடு. அங்க யார் வேணா எழுதலாம், பர்மிஷன் தலவலியே இல்ல. இவங்களுக்கெல்லாம் எதுக்கும்மா அக்கவுண்டு?"

"வெற்றிண்ணா, ரீஸ்டார்ட் ஆனா அது மொத்தமா அழிஞ்சிடும்."

"வெளிய போறப்ப மூஞ்சிய காட்டுவாங்கல்ல? காட்டுனதும் கணக்கு பாண்டி ஆபீசுக்கு போயிடும், ஃபோல்டர் காலி. அப்பறம் அழிஞ்சா இன்னா, இருந்தா இன்னா?"

"மூஞ்சி காட்டறதுக்குள்ள கரண்ட் போனா?"

மேனேஜர் பக்தவச்சலம் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "இந்தப் பொண்ணு பி.எஸ்சி. படிச்சிருக்குது இல்ல, அதான் பேசுது. போனா ஒரு நாள் கூலிதானே. நீ வேலைய பாருப்பா."

வெற்றிச்செல்வன் போகும்போது பெருமையாகச் சொன்னான். "பேரு, நேரம், மொத நாள் எடுத்த கைரேகை எல்லாம் நீ பாத்துக்கலாம். மூஞ்சிய மட்டும் பூட்டி வெச்சிருக்கேன். போட்டோ வெளிய போனா வம்பு. ரூட் பாஸ்வேர்ட் இல்லாம யாராலயும் தொறக்க முடியாது."

அன்றைக்குச் சோதித்துப் பார்க்கும்போது மெஷின் மேரிசெல்வியைப் பார்த்து, "அந்தோணியம்மாள், பதிவானது, நன்றி" என்றது. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். மகளின் கன்னம் இரண்டையும் கையில் ஏந்திக்கொண்டு, "பாரு, மெஷினுக்கே தெரியுது, இது என் மூஞ்சின்னு" என்றாள். வெற்றிச்செல்வன் அதையும் அப்புறம் சரிசெய்துவிட்டான்.

மேரிசெல்வி கண்ணாடிக் கதவைத் திறந்து மெஷின் அறைக்குள் போய் உட்கார்ந்தாள். டெம்ப்பைத் திறந்தாள். காலையில் உள்ளே வந்தவர்களின் ஃபோல்டர்கள் மட்டும் இருந்தன. பாஞ்சாலையைத் தேடினாள். வார் பதிவில் இல்லை. பழைய வாரங்களில் இல்லை. பாண்டிக்கு அனுப்பிய கணக்குகளில், அவள் கையாலேயே சரிபார்த்தவற்றில், ராசம்மாளுக்கு அடுத்த பேர் அந்தோணியம்மாள்.

கடைசியாக வேரிலேயே போய் நின்று, அதன் கீழ் இருப்பதையெல்லாம் வரிசையாகக் காட்டச் சொன்னாள். தினமும் பார்க்கிற பேர்கள்தான். ஒன்றில் கண் நின்றது. லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட். பாதியில் செத்த மெஷின் எழுந்து டிஸ்கைச் சோதிக்கும்போது, எந்த ஃபோல்டரையும் சேராத துண்டுகள் கிடைத்தால் பொறுக்கிப் போடுகிற இடம் அது. பேர் இருக்காது. எண் மட்டும். வேரின் பேரையே தனக்கு வைத்துக்கொண்டிருக்கிற முதலாளிக் கணக்கு ஒன்றுதான் அதைத் திறக்க முடியும். அவள் பார்த்த நாளாக அதன் அளவு மாறியதே இல்லை.

இன்றைக்குக் கூடியிருந்தது.

அவள் திறக்கப் பார்த்தாள். அனுமதி மறுக்கப்பட்டது என்றது. அந்த அறையில் ஏசி வேலை செய்து மாதக்கணக்காயிற்று. ஆனாலும் கழுத்தின் பின்புறம் ஈரத் துணி பட்ட மாதிரி இருந்தது.

மதியம் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போனாள். விடிவதற்கு முன்னால் கிளம்பியவளுக்கு அப்போது இருட்டில் தெரியாதது இப்போது தெரிந்தது. அவர்கள் வீட்டுக்கும் சர்ச்சுச் சுவருக்கும் நடுவில் பாஞ்சாலையின் வீடு இல்லை. இடித்த மண் இல்லை, ஓடு இல்லை, அடுப்புக் கரி இல்லை. உப்புப் பூத்த வெறுந்தரை. புல்லே முளைத்திராத தரை. அதன் நடுவே ஒரு முளைக்குச்சி. அதில் பாஞ்சாலையின் கறுப்பு ஆடு கட்டியிருந்தது. தண்ணீர் காட்டாமல் வயிறு ஒட்டிப்போயிருந்தது. தெருவைப் பார்க்கவில்லை, மேரிசெல்வியைப் பார்க்கவில்லை. வாசல் இருந்த திசையையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. நடுநடுவே கத்துவதை நிறுத்திக் காதை விடைக்கும். யாரோ உள்ளேயிருந்து பதில் சொன்ன மாதிரி.

அவள் கயிற்றை அவிழ்த்தாள். ஆடு நகரவில்லை.

திரும்பும்போது அவளுக்கு ஒரே நினைப்புதான். அம்மா காலையில் மெஷினுக்கு முகம் காட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். இன்னும் வெளியே வரவில்லை. அம்மாவின் ஃபோல்டர் டெம்ப்பில் இருக்கிறது.

அவள் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தவும் கடல் பக்கம் முழுக்கக் கறுத்துக்கொண்டு வந்தது. கூனிமேட்டுப் பக்கம் மின்னல் சத்தமில்லாமல் வெட்டியது. பாத்திகளின் வெள்ளை, வானம் இருளஇருள, தானே வெளிச்சம் விடுவது போல் ஆயிற்று. பெண்களை அப்பாதுரை அளத்தின் கடைக்கோடிக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தார். மழைக்கு முன் அங்கே குவித்த உப்பைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். இங்கிருந்து பார்த்தால் எறும்பு அளவு. ஓடினால்கூட, வழுக்குகிற வரப்பில், போய்ச்சேர அரைமணி.

அவள் உள்ளே காலெடுத்து வைத்தாள். மின்விசிறி நின்றது.

ஒரு நிமிஷம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு யுபிஎஸ் கீச்சிட்டது.

போனை எடுத்து அம்மாவுக்கு அடித்தாள். முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது. வராந்தாக் கொக்கியில், அம்மாவின் பைக்குள், சோற்று டப்பாவோடு உரசி அதிர்ந்துகொண்டு.

அடுத்து அப்பாதுரைக்கு அடித்தாள். எடுத்தார். காற்று இரைந்தது.

"மேஸ்திரி, அம்மாவ உடனே ஆபீசுக்கு அனுப்புங்க. வண்டில ஏத்தி அனுப்புங்க."

"இன்னாம்மா, மழ வர்ற நேரத்துல?"

"மூஞ்சி வெக்கணும். எல்லாரையுமே அனுப்புங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"உப்பு கரஞ்சா உங்கப்பனா குடுப்பான்? மூடிட்டு வருவாங்க, வை."

டீசல் ஜெனரேட்டரைப் போய் இழுத்தாள். இழுத்தாள். டீசலைக் காலையிலேயே பம்புக்கு உறிஞ்சிக்கொண்டு போயிருந்தார்கள். உள்ளே ஓடிவந்து, இரண்டு மெஷின்களையும் தவிர யுபிஎஸ்ஸில் செருகியிருந்த மற்றதையெல்லாம் பிடுங்கினாள். பிரிண்டர். சார்ஜர். சுவரிலிருந்த சாமி படத்துச் சிவப்பு லைட். கீச்சொலி கொஞ்சம் மெதுவானது. அவ்வளவுதான்.

வெற்றிச்செல்வனுக்கு அடித்தாள்.

"வெற்றிண்ணா, ரூட் பாஸ்வேர்ட் குடுங்க. இப்பவே."

"இன்னா மேடம், ஆபீஸ எழுதி வாங்கிக்கப் போறீங்களா?"

"அண்ணா, வெளையாடாதீங்க. டெம்ப்ல இருக்கறத ஹோமுக்கு மாத்தணும். கரண்ட் இல்ல. பேட்டரி போவப் போவுது."

"போனா போவட்டும். அவங்களுக்கு ஒரு நாள் கணக்குதானே, கைல எழுதிக்க."

"எங்கம்மா உள்ள இருக்குதுண்ணா."

"உங்கம்மா எந்த மெஷினுக்குள்ள இருக்குது? செல்வி, தண்ணி குடி. பாஸ்வேர்ட் மேனேஜர் சார் கிட்டதான் இருக்குது. நான் மாத்திக் குடுத்துட்டேன்."

பக்தவச்சலம் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். பிஸி. மறுபடி. அவர் சம்பளத்தில் ஒரு பைசா குறைந்தால் எந்தப் பாதிராத்திரியிலும் கூப்பிடுகிற மனுஷன். சுவிட்ச் ஆஃப்.

வராந்தாவுக்கு ஓடினாள். முக மெஷினின் நீல வெளிச்சம் அவள் மேல் விழுந்தது. அன்றைக்கு என்னை அம்மா என்று ஏமாந்தாயே, இன்றைக்கும் ஏமாறு, அம்மா வெளியே போய்விட்டதாக எழுதிக்கொள். கண்ணாடியைக் கழற்றினாள். அம்மாவின் பையிலிருந்த தலைத்துணியை எடுத்து அம்மா கட்டுகிற மாதிரி காதை மூடிக் கட்டிக்கொண்டாள். கண்ணைச் சுருக்கினாள். வெயிலுக்குச் சுருக்கிச் சுருக்கியே நிலைத்துப்போன அந்தச் சுருக்கம்.

"மேரிசெல்வி. பதிவானது. நன்றி."

வெளியே ஓடி ஒரு பிடி உப்புச்சேற்றை அள்ளிக் கன்னத்தில் பூசினாள். எரிந்தது.

"மேரிசெல்வி. பதிவானது. நன்றி."

கீச்சொலி நெருங்கி வந்தது. மூச்சு வாங்குகிற ஆள் மாதிரி.

நகர்த்த முடியாது. வைத்தவர்தான் எடுக்கலாம், வைத்தது ரூட். ஆனால் படிக்க முடியும். படிக்க முடிந்ததை நகல் எடுக்கலாம்.

அவள் மெஷின் முன் விழுந்தாள். ஹோமில் அவளுடைய வீடு. பூட்டுள்ள வீடு. எது போனாலும் அது போகாது. அதற்குள் அம்மா என்று ஓர் இடம் உண்டாக்கினாள். அம்மாவின் ஃபோல்டரை அதற்குள் நகலெடுக்கச் சொன்னாள். அவசரத்தில் தப்பாக அடித்தாள். மறுபடி அடித்தாள்.

பேர். வந்தது.

நேரம். வந்தது.

கைரேகை. வந்தது.

முகம். அனுமதி மறுக்கப்பட்டது.

அவள் அதைப் பார்த்தாள். பார்த்தாள், ஆனால் படிக்கவில்லை. இல்லை, படித்தாள். இருக்கட்டும் என்று நினைத்தாள். இருந்தால் போதும். அம்மா எப்படியாவது இருந்தால் போதும். நகலுக்கு எதிரே, உரிமையாளர் என்ற இடத்தில், அவளுடைய பேர் இருந்தது.

அடுத்து ராசம்மாள். ரா என்று ஆரம்பித்தாள்.

ஸ்கிரீன் அணைந்தது.

இருட்டு. மழை இன்னும் வரவில்லை. அளத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. காற்று அடிக்கும்போது கடைக்கோடியில் பெண்கள் தார்ப்பாயை இழுத்துக் கூவுகிற சத்தம் எப்போதும் இங்கே கேட்கும்.

கேட்கவில்லை.

அவள் மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தெரிந்த செபத்தையெல்லாம் பாதிப் பாதியாகச் சொன்னாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. டியூப்லைட் துடித்தது. கரண்ட். மெஷின் தானாக எழுந்தது. வெள்ளை வரிகள் மேலே ஓடின. டிஸ்க் சோதிக்கப்படுகிறது. சேராத துண்டுகள் கிடைத்தன. துண்டுகள் கிடைத்தன. துண்டுகள் கிடைத்தன. டெம்ப் சுத்தம் செய்யப்பட்டது.

அவள் நுழைந்து பார்த்தாள். டெம்ப் காலி. ஹோம். மேரிசெல்வி. அம்மா.

இருந்தது.

அழுகை வந்தது. சந்தோஷமா என்னவென்று அவளுக்கே தெரியாத அழுகை.

போன் அடித்தது. அப்பாதுரை.

"யேம்மா கம்ப்யூட்டர், இன்னைக்கி ஆளுங்கள யாரையுமே வரச் சொல்லலியா? இவ்ளோ பெரிய தார்ப்பாய நான் ஒத்தையாளா எப்படிம்மா இழுக்கறது?"

"மேஸ்திரி. எங்கம்மா?"

"உங்கம்மாவா? இரு. வரப்புல ஒரு பொம்பள போவுது. உங்கம்மாதான் போல. அந்தோணியம்மா. ஆமா. ஏய் அந்தோணியம்மா." காற்று. "திரும்பல. ஒரு மாதிரியா நடக்குதும்மா."

"எப்படி?"

"நின்னு நின்னு போவுது. முன்ன யாரோ போற மாதிரி. பின்னயும் யாரோ வர்ற மாதிரி எடம் வுட்டு..." அவர் குரல் தாழ்ந்தது. "முந்தானிய தலைல போத்தியிருக்குது. கிட்ட போயி பாக்கறேன் இரு."

"போவாதீங்க மேஸ்திரி."

அவர் போயிருக்க வேண்டும். ஒரு மூச்சு கேட்டது. உள்ளே இழுத்த மூச்சு. வெளியே விட்டது கேட்கவில்லை. போன் சேற்றில் விழுந்த சத்தம்.

மேரிசெல்வி சன்னலுக்குப் போனாள்.

இருட்டிய வானத்தின் கீழே வெள்ளைப் பாத்திகள். நடுவே கறுப்புக் கோடாக வரப்பு. அதன்மேல் அம்மா தனியாக வந்துகொண்டிருந்தாள். தலையில் கூடை. வரப்பு திரும்புகிற இடத்தில் நின்றாள், ராசம்மாள் திரும்பும்வரை நிற்கிற மாதிரி. நகர்ந்தாள். குவியலுக்கு வந்ததும் நின்றாள். நீண்ட நேரம். தனக்கு முன்னால் இருந்த ஒவ்வொருவரும் கவிழ்த்துவிட்டு விலகும்வரை. பிறகு கவிழ்த்தாள். உப்பு கொட்டியது. வீட்டுக்குப் போகிறவள் போல் ஆபீசைப் பார்க்கத் திரும்பினாள்.

கதவைச் சாத்த வேண்டும் என்று நினைத்தாள். சாத்தவில்லை. அது அம்மா.

வராந்தாவில் முக மெஷின் பேசியது.

"முகத்தைக் காட்டவும்."

அங்கே யாரும் இல்லை. அம்மா இன்னும் படிக்கே வரவில்லை. கொக்கியில் ஒரு பை ஆடியது. அப்புறம் நின்றது.

"முகத்தைக் காட்டவும்."

அடுத்த பை ஆடியது.

"முகத்தைக் காட்டவும்."

ராசம்மாளின் பை. அடுத்தது மஞ்சள் பை. எறும்புகள் சிதறி ஓடின.

பிறகு காலடி. சேறும் உப்பும் நறநறக்கிற, பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த காலடி. இடது கால் கொஞ்சம் இழுத்து. மெஷினின் முன்னால் வந்து நின்றது. நீல வெளிச்சத்தில் முந்தானையின் ஓரம் தெரிந்தது. விரல்கள் தெரிந்தன, உப்பு அறுத்த வெடிப்புகளோடு. அம்மாவின் விரல்கள்தான். எல்லாம் சரியாக வந்திருந்தது.

"முகத்தைக் காட்டவும்."

அம்மா முந்தானையை விலக்கினாள். மெஷினைப் பார்த்து நின்றாள்.

"முகத்தைக் காட்டவும்."

இன்னும் கிட்டே போனாள். மெஷினோடு ஒட்டிக்கொள்கிற அளவுக்கு.

"முகத்தைக் காட்டவும்."

"யம்மா," என்றாள் மேரிசெல்வி. சொல்லியிருக்கக் கூடாது.

அது திரும்பியது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காலடி கதவைத் தாண்டி வந்தது. உப்பின் வாடை. தலைவியர்வையின் வாடை. அம்மாவின் வாடை. இரண்டு உள்ளங்கைகள் அவள் கன்னங்களை ஏந்தின. சொரசொரப்பாக. சில்லென்று. அன்பாக. அன்றைக்குச் சிரித்துக்கொண்டு ஏந்திய அதே கைகள். கட்டைவிரல்கள் அவள் நெற்றியைத் தடவின. கண்ணோரச் சுருக்கத்தைத் தேடின. மூக்கு. உதடு. மெல்ல அவளை வராந்தாவுக்கு நடத்திக்கொண்டு போயின. அவள் போனாள். அம்மா கூப்பிட்டால் போவாள்.

நீல வெளிச்சம் மூடிய இமைக்குள் தெரிந்தது.

"அந்தோணியம்மாள். பதிவானது. நன்றி."

கைகள் விலகின. காற்று பட்டது. கன்னத்தில் அந்தக் காற்று படவில்லை.

கண்ணைத் திறக்க முயன்றாள். திறப்பதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் தெரிந்தது. எதிரே கண்ணாடிக் கதவு. அதில் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு முகம்தான் இருந்தது. கன்னத்தில் அவள் பூசிய சேறு காயாமல் அப்படியே இருந்தது. அது அம்மாவின் கழுத்துக்கு மேலே இருந்து அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.